பாதி மரத்துப் பழம்

"அம்மா, என்னைப் பாதியா ஆக்கிடுங்க."

"எந்தப் பாதியை வச்சுக்கறது?"

தாண்டவராய வாத்தியார் குனிந்தார். தன்னையே ஒருமுறை பார்த்தார். வயிறு தெரிந்தது. பாதம் அவர் கண்ணில் பட்டுப் பல வருஷம் ஆகிறது.

எதிரே தவமணியம்மை முறத்தை வைத்துக்கொண்டு பயறு புடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். வாத்தியாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

பருத்திக்குன்றின் அடிவாரத்தில் ஒரு மடம். மலைக்கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அம்மை அங்கே சோறு போடுவார். கேள்வியோடு வந்தால் பதிலும் சொல்வார். சோறு வயிறு நிறையக் கிடைக்கும், பதில் அந்த அளவுக்குக் கிடைக்காது என்று சுற்று வட்டாரத்தில் பேச்சு.

"முதல்லேர்ந்து சொல்லுங்க வாத்தியாரே."

வாத்தியார் சொன்னார்.

அவர் தெருக்கூத்துக்காரர். பாரதக் கூத்தில் அர்ச்சுனன் வேஷம். அத்தியேரியில் வருஷா வருஷம் சித்திரையில் பாரதம் நடக்கும். அதில் ஒருநாள் அர்ச்சுனன் தபசு. அன்றைக்குக் களத்தின் நடுவே நெட்டைப் பனைமரம் ஒன்றை நட்டு, குறுக்குக் கட்டைகளைப் படியாக அடித்து, உச்சியில் ஒரு பரண் கட்டுவார்கள். கைலாயம் அதுதான். சிவனிடம் பாசுபதம் கேட்டுத் தவம் செய்ய அர்ச்சுனன் அதில்தான் ஏற வேண்டும்.

சும்மா ஏறக் கூடாது. படிக்கு ஒரு பாட்டுப் பாடி ஏற வேண்டும். உச்சியில் பூசை முடித்து எலுமிச்சம்பழங்களைக் கீழே வீச வேண்டும். பிள்ளை வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றி நின்று முந்தானையை விரித்திருப்பார்கள்.

"போன சித்திரையில பாதி மரத்துல நின்னுட்டேன் அம்மா."

"ஏன்?"

"மூச்சு முன்னாடியே இறங்கிப் போயிடுச்சு."

கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே மிருதங்கக்காரர் ஒரே தாளத்தை எவ்வளவு நேரம்தான் தட்டுவார்? கடைசியில் நின்ற இடத்திலிருந்தே பழத்தை வீசிவிட்டு இறங்கிவிட்டார்.

ஒரு பழம் செங்கேணி என்கிற பெண்ணின் முந்தானையில் விழுந்தது. கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகக் காத்திருக்கிறவள். இறங்கியவரிடம் நேரே வந்தாள்.

"'பாதி மரத்துப் பழம் பலிக்குமா வாத்தியாரே?'ன்னு கேட்டுச்சு. கிண்டல் இல்லை அம்மா. நெசமாவே கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"இருமினேன்."

அம்மை முறத்தை நிறுத்தினார்.

"வர்ற சித்திரையில நான் உச்சிக்குப் போயே ஆகணும். இல்லேன்னா வேற கூத்து ஜமாவிலேர்ந்து அர்ச்சுனனைக் கூட்டிட்டு வந்துடுவேன்னு ஊர்ப் பெரியதனக்காரர் சொல்லிட்டாரு. அது கூடப் பரவாயில்லை. அந்தப் பொண்ணு கேட்டதுதான் காதுலயே நிக்குது."

"இளைக்கறதுக்கு இதுவரைக்கும் என்ன செஞ்சு பார்த்தீங்க?"

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதில் அவருக்கு அனுபவம் அதிகம்.

"அதுல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. தபசுக்குக் காப்புக் கட்டினாங்கன்னா அன்னியிலேர்ந்து சோத்தைத் தொட மாட்டேன். இளநீர், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். சட்டை தொளதொளன்னு தொங்கும்."

"அப்புறம்?"

"தபசு முடிஞ்சதும் காப்பு அவிழ்ப்பாங்க. கறிவிருந்து."

"அன்னிக்கேவா?"

"அவிழ்த்த கயிறு தரையில விழறதுக்குள்ள இலை விழுந்துடும்."

"அடுத்த வருஷம்?"

"சட்டை புதுசா தைக்கணும்."

அம்மை முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். தூசி பறந்தது. பயறு முறத்திலேயே நின்றது.

வாத்தியார் மடியிலிருந்து மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்தார்.

"அதனாலதான் இந்தத் தடவை ஆவணியிலேயே காப்புக் கட்டிக்கலாம்னு வந்தேன். உங்க கையால கட்டிடுங்க. கையில கயிறு இருந்தா நான் மீற மாட்டேன். ஊருக்கே தெரியும்."

அம்மை கயிற்றை வாங்கிக்கொண்டார். எழுந்து கொல்லைப்பக்கம் போனார். வாத்தியார் கையை நீட்டியபடியே பின்னால் போனார்.

அங்கே ஒரு பீர்க்கங்கொடி இளசாகத் தரையில் புரண்டு கிடந்தது. அம்மை அதைத் தூக்கி நிறுத்தி, பக்கத்துக் கழியோடு சேர்த்து அந்த மஞ்சள் கயிற்றால் கட்டினார்.

"இதுக்குத்தான் ரெண்டு நாளாக் கயிறு தேடிட்டு இருந்தேன். வாங்க, பந்தி போட்டாச்சு."

"அம்மா, நான் இளைக்க வந்திருக்கேன்."

"தெரியும். நீங்க சாப்பிடறதைப் பார்க்கணும்."

*

பந்தியில் கூட்டம் இருந்தது. சோறு, அரைக்கீரைக் கடைசல், கத்தரிக்காய்க் குழம்பு.

வாத்தியார் உட்கார்ந்தார். பிசைந்தார். உருட்டினார். தலையை அண்ணாந்து வாயைத் திறந்தார். உருண்டை கையிலிருந்து கிளம்பி நேரே உள்ளே போனது. உதட்டில் ஒரு பருக்கை படவில்லை. வாய் மூடியது. தொண்டை ஏறி இறங்கியது. அதற்குள் அடுத்த உருண்டை தயார்.

எதிர் வரிசையில் ஒரு குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. ரசம் வருவதற்குள் இலை துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அம்மை ரச வாளியோடு வந்து நின்றார்.

"வாத்தியாரே, மூஞ்சியில என்ன பூசியிருக்கீங்க?"

வாத்தியார் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே. காலையில திருநீறு வச்சேன், அதுவும் நெத்தியில."

"அப்ப எதுக்கு அண்ணாந்து வீசறீங்க?"

வாத்தியார் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

கூத்துக்காரன் வேஷம் கட்டிவிட்டால் முகத்தில் கை படக் கூடாது. அரிதாரம் கலையும், மீசை இழுத்துக்கொள்ளும். மெல்லவும் முடியாது, மென்றால் தாடையில் சாயம் வெடிக்கும். பசித்தால் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே வாயைத் திறந்து உருண்டையை உள்ளே விட்டு மூடிக்கொள்ள வேண்டும். தொழில் பழகிய முதல் வருஷமே வாத்தியார் கற்றுக்கொண்டது அது.

வீட்டில் சாப்பிடும்போதும் அப்படித்தான் சாப்பிட்டார். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். மாமியார் வீட்டு விருந்திலும் அப்படித்தான். முப்பது வருஷம்.

"நான் இதைக் கவனிச்சதே இல்லை அம்மா."

அம்மை ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார்.

"மூஞ்சி கழுவிட்டு வாங்க."

"ஒண்ணும் பூசலையே."

"கழுவிட்டு வாங்க."

கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். வேறு இலை போட்டிருந்தது. கொஞ்சம் சோறு, கொஞ்சம் கீரை. அம்மை எதிரே உட்கார்ந்துகொண்டார்.

இம்முறை கை உதடு வரை வந்தது. வாத்தியார் மென்றார். பழக்கமில்லாத தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பந்தி எழுந்தது. எதிர் வரிசைக் குடும்பம் கை கழுவி, மலை ஏறியே போய்விட்டது. வாத்தியார் மென்றுகொண்டிருந்தார்.

"அம்மா, இது என்ன கீரை? ரொம்ப நல்லா இருக்கே."

"அரைக்கீரை. முதல் இலையிலயும் இதைத்தான் வச்சேன்."

வாத்தியார் இலையைப் பார்த்தார். அம்மையைப் பார்த்தார்.

மறுசோறு வந்தபோது, "போதும்" என்றார். சொல்லிவிட்டு, அதைச் சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தார்.

*

கிளம்பும்போது கேட்டார்.

"எதை எதை விடணும்னு சொல்லலையே. அரிசியா, எண்ணெயா, கறியா?"

"எதை விட முடியும்?"

"காப்புக் கட்டினா எல்லாத்தையும்."

"கட்டாம?"

வாத்தியார் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"கூத்து முடிஞ்சு விடியக்காலையில பஸ் ஸ்டாண்டுல பரோட்டா திங்கறது உண்டு. அதை விடலாம். அந்த நேரத்துல பசியே இருக்காது. கடை திறந்திருக்கும், அதான்."

"அதை விடுங்க."

"அவ்வளவுதானா?"

"அது போனதே மறந்து போச்சுன்னா அடுத்ததைச் சொல்லுங்க."

"வேற?"

அம்மை மலையைக் காட்டினார். "தினம் காலையில ஏறுங்க. தபசுப் பாட்டைப் பாடிட்டே ஏறுங்க. பாட்டு நின்னா நீங்களும் நின்னுடுங்க. பாட்டு வந்தா ஏறுங்க."

"சரி. இந்த மூஞ்சி கழுவறது, மெல்லறது, இதெல்லாம் எவ்வளவு நாளைக்கு அம்மா?"

"பல்லு இருக்கறவரைக்கும்."

*

முதல்நாள் முதல் பாட்டிலேயே நின்றுவிட்டார். மலையில் படிகள் தொடங்கும் இடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் நிழலைத் தாண்டவில்லை.

கோதண்டம் பின்னாலேயே வந்திருந்தார். ஜமாவில் பாஞ்சாலி வேஷம் கட்டுகிறவர். இருபது வருஷமாக மேடையில் வாத்தியாருக்கு மனைவி. வேஷம் இல்லாத நேரத்திலும் அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

"இன்னாங்க சாமி, கைலாசம் இங்கேயே வந்துடுச்சா?"

"வாயை மூடு."

"நான் மூடிட்டேன். உங்க பாட்டுதான் மூடிக்கிச்சு."

வீட்டில் பூங்காவனம் வேறு கவலைப்பட்டார். அவர் நிஜ மனைவி.

"என்ன, பல்லு வலியா?"

"இல்லையே."

"ஒரு வாய் சோத்தை இவ்வளவு நேரம் அரைக்கறீங்க?"

"குழம்புல வெந்தயம் போட்டிருக்கியா?"

பூங்காவனம் கரண்டியைக் கீழே வைத்தார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து போடறேன்."

"நல்லா இருக்கு."

பூங்காவனம் கொல்லைப்பக்கம் போய் அண்டை வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவருக்கு உடம்பு ஏதோ சரியில்லை என்றார்.

புரட்டாசியில் பாட்டு வேப்பமரத்தைத் தாண்டியது. ஐப்பசி மழையில் சில நாள் ஏறவில்லை. மழை விட்டதும் ஏறினார். பரோட்டாவை மறந்தே போனார். அம்மையிடம் வந்து, அடுத்து டீக்கடைப் போண்டா என்றார். அம்மை தலையாட்டினார்.

வெளியூர்க் கூத்துக்குப் போனால் அந்த ஊரில் மலை இல்லை. ஏரிக்கரையில் நடந்து பாடினார். அங்கே இருந்த எருமைகள் பழகிவிட்டன.

*

கார்த்திகையில் பெரியதனக்காரர் மாசிலாமணி வந்தார். நேரில் ஆளைப் பார்க்க வேண்டும் என்று அத்தியேரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்.

வாத்தியாரை நிற்க வைத்துப் பார்த்தார். சுற்றி வந்தும் பார்த்தார். மாடு பிடிக்கிறவர் பார்ப்பதுபோல இருந்தது.

"மூணு மாசமா இளைக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க."

"எந்தப் பக்கம்?"

கோதண்டம் மட்டும் சிரித்துவிட்டு, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே. மரம் எங்க ஊர் மரம். பாதியில நின்னது உங்க ஒருத்தருக்கு அவமானம் இல்லை, எங்க எல்லாருக்கும்தான். அந்த மேற்கத்தி ஜமாவுல ஒரு பையன் இருக்கான், நாணல் மாதிரி. மாசியில மறுபடி வருவேன். பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

அன்று மாலையிலிருந்து வாத்தியார் சோற்றைத் தொடவில்லை. இளநீர். ஒரு வாழைப்பழம்.

யாரிடமும் சொல்லவில்லை. பூங்காவனம் கேட்டபோது மடத்தில் சாப்பிட்டதாகச் சொன்னார். மடத்தில் கேட்டபோது வீட்டில் சாப்பிட்டதாகச் சொன்னார்.

சில நாள் போனது. வேட்டி தளர்ந்தது. வாத்தியாருக்குச் சந்தோஷம்.

ஒருநாள் காலை மலை ஏறினார். வேப்பமரத்திலேயே பாட்டு நின்றது. பாட்டு வரட்டும் என்று நிற்காமல் ஏறினார். கொஞ்சதூரத்தில் படிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடமும் லேசாகச் சுற்றியது.

மலைக்கோயிலில் விளக்கேற்றிவிட்டு அம்மை இறங்கி வந்தார்.

"பாடுங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். காற்று வந்தது.

"எதுக்காக என்கிட்ட வந்தீங்க வாத்தியாரே?"

"இளைக்க."

அம்மை படியில் ஒதுங்கி அவரைத் தாண்டிப் போகத் தொடங்கினார்.

"இல்லைம்மா. ஏற. ஏறத்தான் வந்தேன்."

"அப்ப வந்து சாப்பிடுங்க."

"சாப்பிட்டா இளைக்க முடியாதே அம்மா."

"சாப்பிடாம இளைச்சவர் பாடினதை இப்பத்தான் கேட்டேன்."

மடத்தில் கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுத்தார். வாத்தியார் மெதுவாகக் குடித்தார். குடித்ததும் கண்ணில் நீர் வந்தது. மோர் மிளகாய் என்று சொல்லிக்கொண்டார்.

"மாசி வர்றதுக்குள்ள ஆகணும் அம்மா. எனக்கு மனக்கட்டுப்பாடு பத்தாது. அந்தக் கயிறு என் கையில இருந்திருந்தா இவ்வளவு நாள்ல பாதி ஆகியிருப்பேன். அதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"கொல்லையிலதான் இருக்கு. அவிழ்த்துக்குங்க."

வாத்தியார் கொல்லைக்குப் போனார்.

பீர்க்கங்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருந்தது. காய்கள் தலையில் இடித்தன. கழியைத் தேடிக் கண்டுபிடித்தார். மஞ்சள் கயிறு அதில் வெளிறிப்போய்த் தொங்கியது. முடிச்சு எப்போதோ இளகியிருந்தது. கொடி தன் சுருள்களாலேயே கழியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலே போயிருந்தது.

வாத்தியார் கயிற்றை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தார். அது எதையும் தாங்கவில்லை.

கையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எடுத்துக்கலையா?"

"அங்கேயே இருக்கட்டும். மதியத்துக்கு என்ன அம்மா குழம்பு?"

"பீர்க்கங்காய்."

*

மாசியில் பெரியதனக்காரர் சொன்னபடி வந்தார். வாத்தியார் வீட்டில் இல்லை. மலைக்குப் போயிருக்கிறார் என்றார் பூங்காவனம். மாசிலாமணி மடத்துக்கு வந்தார். அம்மை வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தார்.

மேலேயிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. கணீரென்று இருந்தது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது. நடுவில் இடைவெளி இல்லை.

மாசிலாமணி அண்ணாந்து கேட்டார். அவருக்குத் தபசுப் பாட்டு முழுவதும் மனப்பாடம். சிறுவயதிலிருந்து கேட்கிறார்.

"வாத்தியார் குரல்தானே? உச்சியில உட்கார்ந்து பாடறாரா?"

"உட்காரலை."

"நின்னா?"

"நிக்கலை."

மாசிலாமணி மறுபடி கேட்டார். பாட்டு அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தது.

அவர் மோட்டார் சைக்கிளின் மேல் சாய்ந்துகொண்டார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாட்டு உச்சிக்குப் போய், அங்கே மணி அடித்து, மறுபடி இறங்கி வந்தது. கடைசிப் படியில் வாத்தியார் தெரிந்தபோது கடைசி அடி நாக்கில் இருந்தது. முடித்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னார்.

மாசிலாமணி சுற்றி வந்து பார்க்கவில்லை.

"வயிறு இன்னும் இருக்கு" என்றார்.

"இருக்குங்க."

"பாதி கூடக் குறையலை."

"இல்லைங்க. கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. குறைஞ்சது திரும்ப வரலை."

மாசிலாமணி சாவியை எடுத்தார். வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"இந்த வருஷம் மரம் கொஞ்சம் நெட்டையா வெட்டச் சொல்றேன். பாட்டு மிஞ்சிப் போயிடப் போகுது."

*

சித்திரை. தபசு நாள். வெயில் இறங்கும் நேரம்.

தென்னங்கீற்று மறைப்புக்குள் வாத்தியார் வேஷம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அரிதாரம், மீசை, நெற்றியில் திலகம். கையில் காப்பு. கட்டிய நாளிலிருந்து அசைவம் கிடையாது. சோற்றை மட்டும் இம்முறை அவர் நிறுத்தவில்லை. தினமும் முகம் கழுவி, உட்கார்ந்து, மென்று சாப்பிட்டார்.

கோதண்டம் பாஞ்சாலி வேஷத்தில் பின்னால் நின்று மார்ப்பதக்கத்தின் கயிறுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கயிறுகள் வாத்தியார் முதுகில் சந்தித்துப் பல வருஷம் ஆகிறது. நடுவில் ஒரு துணியை ஒட்டுப் போட்டுத்தான் கட்டுவது வழக்கம்.

"சாமி."

"என்ன?"

"ஒட்டுத் துணி வேணாம்."

"எட்டுதா?"

"முடிச்சுப் போடக் கூட மிச்சம் இருக்கு." கோதண்டத்தின் குரல் பாஞ்சாலி குரலாகிவிட்டிருந்தது. "நான் கட்டிக்கிட்ட மனுஷனைத் திரும்பப் பார்க்கிறேன்."

"அழுதேன்னா மை கலைஞ்சுடும்."

"நான் ஏன் அழறேன்? முதுகுதானே."

மறைப்பு விலகியது. ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். வாத்தியாருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் தொண்டை இருமத் தயாரானது.

செங்கேணி உள்ளே வந்தாள். தோளில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பொட்டலம் கொட்டாவி விட்டது.

"வாத்தியாரே, நல்லாப் பாருங்க. ரெண்டு மாசம் ஆகுது."

வாத்தியார் பார்த்தார். பிள்ளை மீசையைப் பார்த்து முகத்தைச் சுளித்தது.

"இது..."

"பாதி மரத்துப் பழம்தான். முழுப் பிள்ளையாத்தான் பொறந்திருக்கு. கை, காலு எல்லாம் எண்ணிட்டேன்."

அரிதாரம் கலையாமல் எப்படிச் சிரிப்பது என்பதும் வாத்தியார் கற்ற தொழில்தான். அன்றைக்கு அது மறந்துவிட்டது. கன்னத்தில் இரண்டு கோடு விழுந்தது.

செங்கேணி போனதும் கோதண்டம் அரிதாரக் கிண்ணத்தை எடுத்துக் கோடுகளைச் சரிசெய்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுமா? பாதிலேர்ந்து வீசினதே பலிச்சிருக்கு. அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு உச்சிக்கு ஏறணும்? பாதியோட வந்துடுங்களேன், சீக்கிரம் சாப்பிடலாம்."

வாத்தியார் எழுந்து வில்லை எடுத்தார்.

"பாட்டு மிச்சம் இருக்குமே."

*

ஏறினார்.

ஒரு படி, ஒரு பாட்டு. மிருதங்கம் கீழேயிருந்து தொடர்ந்தது. போன வருஷம் நின்ற உயரத்துக் கட்டையில் பாதம் பட்டது. அங்கே ஒரு கணம் கீழே பார்த்தார். விரித்த முந்தானைகளுக்கு நடுவே தன் பாதம் தெரிந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வாத்தியாரின் மூச்சு அவரிடமே இருந்தது. அந்தப் படிக்குரிய பாட்டைப் பாடினார். அடுத்த கட்டையைப் பிடித்தார்.

பரணில் நின்றபோது ஊரும், ஊருக்கு அப்பால் ஏரியும், தொலைவில் ஒரு பொட்டுப்போலப் பருத்திக்குன்றும் தெரிந்தன. கற்பூரம் காட்டினார். பாசுபதம் கேட்டார். கேட்டது கிடைத்தது. பழங்களை ஒவ்வொன்றாக, நிதானமாக, எல்லாப் பக்கமும் வீசினார்.

மாசிலாமணி கீழே நின்று தலைப்பாகையை விரித்துப் பிடித்திருந்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். பழக்க தோஷம்.

இறங்கியதும் காப்பை அவிழ்த்தார்கள்.

கயிறு தரையில் விழுவதற்குள் இலை விழுந்தது. வருஷா வருஷம் போல அங்கேயே, களத்திலேயே. வெள்ளாட்டுக்கறிக் குழம்பின் வாசனை பந்தலைத் தாண்டிப் போனது. கூட்டம் இலையைச் சுற்றி நெருக்கியது. அர்ச்சுனன் வேஷத்தோடு உட்கார்ந்து உருண்டைகளை அண்ணாந்து வீசுவதைப் பார்ப்பதும் அத்தியேரியில் திருவிழாவில் சேர்த்திதான். சிலர் அதற்காகவே கடைசிவரை நிற்பார்கள்.

சோறு வந்தது. குழம்பு வந்தது. வாத்தியார் உட்கார்ந்தார். பிசைந்தார். ஒரு உருண்டை உருட்டினார்.

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது.

வாத்தியார் உருண்டையை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னாச்சு சாமி?" கோதண்டம் பதறிப் போனார். "காப்புதான் அவிழ்த்தாச்சே. விரதம் முடிஞ்சுது. உட்காருங்க."

"சாப்பிடத்தான் போறேன். தண்ணி எங்க இருக்கு?"

"குடிக்கவா? இதோ."

"மூஞ்சி கழுவ."